காலியாக விட்ட கட்டம்

நேற்றுக் காலை என் மகன் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரிடமோ ஃபோனில் சலித்துக்கொண்டிருந்தான். மூன்று கிளை அலுவலகங்களின் தகவல்களை ஒன்றாகச் சேர்க்கிற வேலையாம். ஆம், இல்லை என்பதை ஒரு கிளையின் டேட்டாபேஸ் ஒன்று, பூஜ்யம் என்று காட்டுகிறது. இன்னொன்று ட்ரூ, ஃபால்ஸ் என்று முழு வார்த்தையாகக் காட்டுகிறது. மூன்றாவது, சின்னக் கட்டம் போட்டு அதற்குள் டிக் வைத்துக் காட்டுகிறது. இட்லி வைக்கப் போன நான் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். "டிக் இல்லாத கட்டமெல்லாம் இல்லைன்னு சொன்னவங்களா, இல்ல யாருமே கேக்காம விட்டவங்களா?" என்று கேட்டேன். அவன் ஃபோனைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தான். சமையலறை மிக்ஸி எழுந்து வந்து பேசியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். இது உனக்கு எப்படியம்மா தெரியும் என்றான்.

என் சிநேகிதி, உன்னால்தான் அது தெரியும் என்று அவனிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தேன். வந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. நீ இறந்து போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் நான் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்பதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது, நான் இருக்கும் சேலத்துக்கும் நீ வாழ்க்கைப்பட்ட வாழப்பாடிக்கும் நடுவே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான் இருந்தது, இருந்தும் கேட்கவில்லை. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நாம் வேலை பார்த்த திருமணத் தகவல் மையம் இருந்தது. 'கம்ப்யூட்டர் மூலம் வரன் பார்க்கப்படும்' என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே இருந்ததோ ஒரே ஒரு கம்ப்யூட்டர். பச்சை எழுத்து, கறுப்புத் திரை. அந்த அறைக்குள் மட்டும் ஏசி ஓடும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டை அழிக்க முதலாளிக்கு மனமில்லை, அது தை மாதம் வரை மானிட்டரின் நெற்றியில் இருந்தது.

வேலைக்கு நாம் இரண்டு பேர். நீ திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து பேருந்தில் வருவாய், நான் சேலத்திலேயே மாதா கோயில் தெருவிலிருந்து நடந்து வருவேன். ராசி எத்தனை, நட்சத்திரம் எத்தனை என்றுகூட எனக்குத் தெரியாது. தோஷம் என்றால் எனக்குத் தெரிந்தது ஜலதோஷம் ஒன்றுதான் என்று முதல் வாரமே நான் சொல்ல, நீ சிரித்த சிரிப்பில் முதலாளி எழுந்து வந்து பார்த்தார். அன்றிலிருந்து என்னைச் 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தாய். உங்கள் ஊரில் கிழவரும் சாமி, தொட்டில் குழந்தையும் சாமி. எனக்கோ அது புதிது. ஞானஸ்நானம் வாங்கிய என்னைப் போய்ச் சாமி என்கிறாளே என்று கூச்சமாக இருந்தது. பிறகு நீ கூப்பிடாத நாள் நாளாகவே தெரியவில்லை.

அந்த வருஷத் தவக்காலத்தில் நான் கறி சாப்பிடவில்லை. காரணம் கேட்டாய், சொன்னேன். மறுநாளிலிருந்து உன் டிபன் டப்பாவிலும் கறி வரவில்லை. உனக்கென்ன நேர்ச்சை என்று கேட்டதற்கு, நீ பட்டினி கிடக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு கடிப்பதா என்றாய். நாற்பது நாளும் கொள்ளுப் பருப்பும் சோறும்தான். அது பட்டினி அல்ல, கறி மட்டும்தான் கிடையாது என்று நான் எத்தனை முறை விளக்கியும் நீ கேட்கவில்லை.

வேலை இதுதான். பெண், பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுக்கிற படிவத்தைப் பார்த்து, பெயர், வயது, படிப்பு, ஊர் என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கடைசிக் கேள்வி, சுத்த ஜாதகமா என்பது. செவ்வாய், ராகு, கேது எந்த வில்லங்கமும் இல்லாத ஜாதகம் என்றால் டி என்ற ஆங்கில எழுத்தைத் தட்ட வேண்டும், தோஷம் இருந்தால் எஃப். பட்டியலாக அச்சடிக்கும்போது அது .T. என்றும் .F. என்றும் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து விழும். அந்தப் புள்ளிகள் எதற்கு என்று நான் கேட்டேன். "எளுத்து ஓடிப் போயிரக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் காவலுக்கு நிக்குது" என்றாய். எழுத்து ஓடவில்லை. அது சொன்னதை நாம்தான் அப்படியே நம்பினோம்.

ஜாதகமே எழுதாத வீடுகள் நிறைய இருந்தன. பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட படிவம் வந்தால் நான் அந்தக் கடைசிக் கட்டத்தில் எதையும் தட்டாமல் என்டரை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். திரையில் அந்த இடம் காலியாகத்தான் தெரியும். இல்லாத ஜாதகத்துக்கு என்னத்தைத் தட்டுவது என்று நினைத்தேன். நியாயமாகத்தான் பட்டது. உன் பங்குக்கு அப்படிப் படிவம் வந்தால் நீ தனியாக எடுத்து வைத்து, வீட்டாருக்குக் கடிதம் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவாய். உனக்கு வேலை மெதுவாக நடக்கும். நான் அன்றாடம் படிவக் கட்டைத் தீர்த்துவிட்டு உன்னைக் கேலி செய்வேன்.

பங்குனியில் உன் அப்பாவே படியேறி வந்து உன் பெயரைப் பதிந்துவிட்டுப் போனார். மகள் வேலை செய்கிற இடத்திலேயே மகளுக்கு வரன். உனக்கு முகமெல்லாம் சிவந்து, உன் படிவத்தை நீ தொட மாட்டேன் என்றுவிட்டாய். நான்தான் ஏற்றினேன். உன் அம்மா சோளத்தட்டு அறுக்கப் போன இடத்தில் நீ பிறந்தாயாம், யாரிடமும் கடிகாரம் இல்லையாம். ஜாதகம் எழுதவில்லை என்று உன் அப்பா அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். என்டரை அழுத்தினேன். படிவத்தின் அடியில், ஏற்றியவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

அந்தச் சித்திரையில்தான் அவர் வந்தார். குமாரபாளையத்தில் நூல் கடை வைத்திருந்தவர், தன் அம்மாவோடு வந்தார். முதல் தடவை பெயர் பதிய வந்தார், இரண்டாம் தடவை பட்டியல் வாங்க, மூன்றாம் தடவை எதற்கென்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் உன்னிடம் தண்ணீர் கேட்டார். பானையும் டம்ளரும் அவர் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருக்கும். "குமாரபாளையத்துல காவேரியே ஓடுது. இவுத்தைக்கு வந்தாத்தான் அவருக்குத் தாகம் எடுக்குதாட்ட இருக்குது" என்று நீ என் காதோரம் சொன்னாய். சொல்லிவிட்டு டம்ளரைத் தேய்த்துக் கழுவினாய், ஏற்கெனவே கழுவிய டம்ளரை. எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய அம்மாவும் உன்னிடம் ஊர், குலதெய்வம் எல்லாம் விசாரித்தார். உன் பெயரும் இருந்த பட்டியலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்ல நாள் பார்த்து ஊட்டுக்கு வாறோம் என்று உன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார்.

வரவில்லை. வைகாசி போயிற்று. ஆனியில் அந்த அம்மா மட்டும் வந்தார். எடம் அமைஞ்சு போச்சுங்க, பையன் பேரை எடுத்துருங்க என்றார். உன் பக்கம் திரும்பவே இல்லை. அன்று கம்ப்யூட்டர் முன்னால் நீ இருந்தாய். அவர் பெயரைத் தேடி எடுத்து நீக்கியதும் நீதான். என்ன காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை, நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. உன் நிறம்தான் காரணம் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய். ஒரு மாதம் முழுக்கக் கண்ணாடி பார்க்காமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாய், அது தினமும் கோணலாக இருக்கும். நான் நேராக்கிவிடுவேன்.

ஆடி பிறந்த பிறகு ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். சத்தம் போடவில்லை, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்.

"எம் புள்ளைக்கு ஜாதகமே எளுதலீங்க. இல்லாத ஜாதகத்துல தோசம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

மூன்று இடம் தட்டிப் போய்விட்டதாம், மூன்று வீட்டிலும் நம் பட்டியலைத்தான் காட்டினார்களாம். முதலாளி அவருக்குக் காபி வரவழைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ எழுந்து ஏசி அறைக்குள் போனாய், நானும் பின்னால் வந்தேன். இல்லாத ஒரு பெண்ணின் பெயரை ஏற்றினாய். கடைசிக் கட்டத்தில் ஒன்றும் தட்டாமல் என்டரை அழுத்தினாய். பிறகு பட்டியல் போடச் சொன்னாய். திரையில் காலியாக இருந்த இடத்தில், பட்டியலில் புள்ளி, எஃப், புள்ளி என்று வந்து நின்றது. அந்தக் கட்டத்துக்குத் தெரிந்தது ஆம், இல்லை இரண்டுதான். ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவாகவே இல்லை என்று, தோஷம் என்று காட்டிவிடும்.

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குக் குமாரபாளையம் போன பட்டியல்தான் ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். படிவக் கட்டிலிருந்து உன்னுடையதை உருவி எடுத்தாய். உன் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தாய், அடியிலிருந்த என் கையெழுத்தைப் பார்த்தாய். மறுபடி அதைக் கட்டுக்குள் செருகினாய். நீ கேட்பாய் என்று காத்துக்கொண்டு நின்றேன். "டீ குடிக்கப் போலாமா சாமி" என்றாய். அவ்வளவுதான். போனோம். டீக்கடையில் நான் சொல்லியிருக்கலாம். டீ ஆறும்வரை இரண்டு பேரும் சாலையில் போன போர்வெல் ரிக் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் முதலாளியிடம் நீ பேசினாய். அந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும், சுத்தம், தோஷம், எழுதவில்லை என்று மூன்று பதில் வேண்டும் என்றாய். முதலாளி சிரித்தார். "ஆமா, இல்லைன்னு ரெண்டுல ஒண்ணச் சொல்றதுக்குத்தானம்மா கம்ப்யூட்டர் வாங்கியாந்தது. தெரியலீன்னு சொல்றதுக்கு நானே போதுமே?" என்றார். நீ சிரிக்கவில்லை. உனக்கு எதிர்த்துப் பேசியே பழக்கமில்லை, ஆனாலும் விடவில்லை.

"நம்ம கோயல்ல பூ கேக்கறமுங்களே. வலது பக்கம் உளுந்தா ஆவும், எடது பக்கம் உளுந்தா ஆவாது. உளுகாம சாமி தலைமேலயே நின்னுக்கிச்சுன்னா, ஆவாதுன்னுங்களா சொல்றோம்? சாமி இன்னும் சொல்லலீன்னு எந்திரிச்சு வந்து, இன்னொரு நாளைக்குப் போறமுங்க."

முதலாளியும் உன் பக்கத்துக்காரர்தான். தன் வீட்டுக் கல்யாணத்துக்கும் பூ கேட்டிருப்பார். சரி, மாத்திரு என்றார். புரோகிராம் எழுதிக் கொடுத்த கோயம்புத்தூர்க்காரருக்குக் காத்திராமல், ஆங்கிலப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நீயே செய்தாய். ஆம் இல்லை மட்டும் தாங்குகிற கட்டத்தை எடுத்துவிட்டு, ஒரு எழுத்து தாங்குகிற கட்டமாக வைத்தாய். ஜாதகம் எழுதாதவர்களுக்குப் பட்டியலில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. அதன் பிறகு பழைய படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரி பார்த்தோம். நான் வாசிக்க நீ தட்டினாய். கோடு போட வேண்டியதெல்லாம் நான் ஏற்றியவை என்பது அந்தச் சில நாட்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நீ ஒரு தடவைகூட அடியிலிருந்த கையெழுத்தை எட்டிப் பார்க்கவில்லை.

பட்டியல் வாங்கிப் போன வீடுகளுக்கெல்லாம் அஞ்சலட்டை எழுதினோம். இன்னின்ன பதிவு எண்களுக்கு ஜாதகம் எழுதப்படவில்லை, தோஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. குமாரபாளையத்துக்கும் ஒரு அட்டை எழுதினாய், உன் பதிவு எண்ணையும் சேர்த்து. அங்கே கல்யாணமே முடிந்திருக்கும், இப்போது எதற்கு என்று கேட்டுவிட்டேன். பட்டியல் அவர்களிடமும் இருக்கிறதல்லவா என்றாய். அந்த அட்டையைத் தபால் பெட்டியில் போட என்னிடம் தரவில்லை, நீயே கொண்டுபோய்ப் போட்டாய்.

அதன் பிறகும் நீ மாறவில்லை. அதே சாமி, அதே டிபன் டப்பா. மாறியது நான்தான். நீ சும்மா இருந்தால் என்னை நினைத்துத்தான் சும்மா இருக்கிறாய் என்று தோன்றும், சிரித்தால் எனக்காகச் சிரிக்கிறாய் என்று தோன்றும். நீ கேட்காததையும் சொல்லாததையும் நானே மன்னிக்கவில்லை என்று எழுதிக்கொண்டேன். வருஷம் திரும்புவதற்குள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன். வேலை பிடிக்காமல் அல்ல, உன் பக்கத்தில் உட்கார முடியாமல். அந்தப் பள்ளியில் கடைசிவரை எந்தப் பிள்ளையின் படிவத்திலும் ஒரு கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை. என்னோடு வேலை செய்தவர்கள் என்னைப் பிடிவாதக்காரி என்பார்கள்.

அடுத்த வருஷம் உனக்கு வாழப்பாடியில் இடம் அமைந்தது. பூ கேட்டார்களாம், வலது பக்கம் விழுந்ததாம். கல்யாணத்துக்கு வந்தேன். மேடையில் என் கையைப் பிடித்து அழுத்தினாய், பின்னால் வரிசை நின்றது, இறங்கிவிட்டேன். சில வருஷம் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து எழுதினாய். முதலில் பதில் போட்டேன். பிறகு நாளைக்குப் போடலாம் என்று வைத்தேன். நீயும் நிறுத்திவிட்டாய்.

எட்டு மாதம் முன்பு காலைச் செய்தித்தாளின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் உன் படத்தைப் பார்த்தேன். பொட்டு நேராக இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வாழப்பாடிக்கு வந்தேன். இந்த முறை பேருந்து ஏறுவதற்குப் பயமாக இல்லை, அதை எழுத வெட்கமாக இருக்கிறது. உன் மகள் என் பெயரைச் சொன்னதுமே நீங்கதானா அது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நன்றாகத்தான் இருந்தார் என்றாள். அப்பா அம்மாவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதல் பட எனக்கென்ன உரிமை என்றும் இருந்தது.

பிறகு உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பத்து வருஷத்துக்கு முன் அவள் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைத்தது என்று நீ எழுதி வைத்திருந்த நோட்டு. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும், வந்தவர்களுக்கு வந்தாங்க, வராதவர்களுக்கு வல்லை என்று பிறகு குறித்திருந்தாய். சேலம் பக்கத்தில் என் பெயர் இருந்தது, என் தெரு, கதவு எண்ணோடு. அதற்கு நேராக ஒன்றும் இல்லை. உன் மகள் வாழப்பாடிப் பேச்சுதான் பேசுகிறாள். நீ சொன்னதைச் சொல்லும்போது மட்டும் அவள் வாயில் உன் ஊர் வந்தது.

"உங்களுக்கு மட்டும் அம்மா எதுவுமே எழுதல, சின்னம்மா. ஏம்மான்னு கேட்டேன். 'பத்திரிக்க கைக்குக் கெடச்சுதான்னே தெரியலியே சாமி. கெடைக்காதவங்களப் போயி வல்லைன்னு எப்புடி எளுதறது'ன்னாங்க."

தபாலில் தவறிப் போயிருக்கும் என்று அவளே சொன்னாள். நான் தலையாட்டினேன்.

பத்திரிகை கிடைத்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே கிடைத்துவிட்டது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில், கட்டாயம் வரோணும் என்று எழுதியிருந்தாய். கல்யாணத்தன்று காலை பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பேருந்து நிலையம் வரை போனேன். வாழப்பாடி வண்டி நின்றுகொண்டிருந்தது, உட்கார இடமும் இருந்தது. ஏறவில்லை. மணமேடைக்குப் பக்கத்தில் நீ நிற்பாய், உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

உன் படிவத்தை ஏற்றியது நான்தான். அன்று டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு. பத்திரிகை வந்தது, நான்தான் வரவில்லை. என் பெயருக்கு நேராக அதை எழுதிக்கொள்.